வெற்றிலை எடுத்த உறுப்பினர்கள்

குளக்கட்டில் இருக்கிற பிள்ளையார் மேல் ஆணை, இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பொய்யை வைக்க வசதியாக இடம் கிடந்த இடங்களிலும் உண்மையையே போட்டு நிரப்பியிருக்கிறது.

வன்னியில், மல்லாவியில் பஸ் ஏறி, "இனி ரோட்டு இல்லை, இறங்குங்கோ" என்று நடத்துனர் சொல்லுகிற இடத்தில் இறங்கினால் ஆலங்கொம்புக்குளம். அங்கே வயல் செய்கிற கமக்காரர்கள் போகம் தொடங்க முன்னர் குளக்கட்டில் கூடித்தான் எவ்வளவு விதைப்பது, எப்போது துருசைத் திறந்து தண்ணீர் விடுவது என்று முடிவெடுப்பார்கள். அந்தக் கூட்டத்தில் யாராவது வாக்குக் கொடுத்தால் அதை எழுதி வைக்கிற வழக்கம் இல்லை. நடுவில் தட்டத்தில் வெற்றிலை இருக்கும். வாக்குக் கொடுக்கிறவர் ஒன்றை எடுத்து, சுண்ணாம்பு பூசி, பாக்கு வைத்து, எல்லோரும் பார்க்க மென்றால் போதும். சொன்னது நிறைவேறும்வரை அந்தச் சிவப்பு வாயை விட்டுப் போகாது. மாயாண்டி ஒருமுறை வாய்க்காலைத் துப்புரவாக்கித் தருகிறேன் என்று வெற்றிலை போட்டுவிட்டு மறந்துபோனார். மகளின் கலியாணப் படங்கள் எல்லாவற்றிலும் இரத்தம் குடித்தவர் மாதிரித்தான் நிற்கிறார். சம்பந்தி வீட்டார் அந்தப் படங்களை இன்னமும் கூடத்தில் மாட்டவில்லை.

இந்த வருசம் சிறுபோகம் செய்யத் தண்ணீர் காணுமா, போதாதா என்று ஊர் இழுபட்டுக்கொண்டு நின்றபோது, கமக்காரர் அமைப்பின் செயலாளர் தயாளினி எழும்பினாள். குளம் அரைவாசிக்கு மேல் நிரம்பியிருந்ததை அவள் அளந்து பார்த்திருந்தாள்.

"விதையுங்கோ. கடைசி வயலுக்கும் தண்ணி போகும். நான் பொறுப்பு" என்று சொல்லி வெற்றிலையை எடுத்து வாயில் போட்டாள்.

கடைசி வயல் அன்னபாக்கியத்தினுடையது. குடும்பம் என்று சொல்ல ஒரு மாடும் ஒரு வானொலிப் பெட்டியும் மட்டுமே உள்ள மனுசி. அவர் தயாளினியின் வாயை உற்றுப் பார்த்துவிட்டு, "சரி பிள்ளை, உன்ரை வாயை நம்பி விதைக்கிறன்" என்றார். வீட்டில் விதை நெல்லாகவும் சோற்று நெல்லாகவும் இருந்தது ஒரே நெல்தான். அதை அப்படியே கொண்டுபோய் விதைத்தார்.

பயிர் சாண் உயரம் வந்த நேரத்தில் ஒரு லொறி வந்தது. லொறியில் ஒரு ஆமைப்பூட்டு வந்தது. வேறு எதுவும் ஏற்ற லொறியில் இடம் இருக்கவில்லை. அதை இறக்கித் துருசில் போட்டுப் பூட்டிவிட்டு, வந்தவர்கள் ஒரு அறிவித்தல் துண்டை ஒட்டிவிட்டுப் போனார்கள்: அகில இலங்கை நீர்ப்பெருங்காவலர் தாமே நேரில் வந்து பார்வையிடும்வரை இந்தக் குளத்திலிருந்து ஒரு சொட்டும் வெளியேறலாகாது.

நீர்ப்பெருங்காவலர் என்பவர் நாட்டின் மிகப் பெரிய கதிரைகளில் ஒன்றில் இருந்தவர். கிணறு வெட்டினாலும் அவரைக் கேட்க வேண்டும், கிணறு தூர்ந்தாலும் அவரைக் கேட்க வேண்டும். ஒரு வருசம் மாரி மழை முந்திப் பெய்ததற்காக வாடைக்காற்றிடம் விளக்கம் கோரியவர். குளங்களைப் பார்வையிட அவருக்கு நேரம் கிடைப்பதில்லை. தண்ணீரைப் பாதுகாப்பது பற்றி வெளிநாடுகளில் பேசிக்கொண்டிருந்தார். தயாளினி கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டாள். ஒவ்வொன்றுக்கும் தவறாமல் பதில் வந்தது: தங்கள் கடிதம் கிடைத்தது. நீர் ஓர் அரிய வளம்.

வாய்க்கால் காய்ந்து வெடித்தது. வெடிப்பு எவ்வளவு ஆழம் என்றால், அதற்குள் விழுந்த கோழியொன்று திரும்பி வரும்போது குஞ்சுகளோடு வந்தது.

தயாளினியின் புருசன் யோகநாதன் அலவாங்கைத் தோளில் வைத்துக்கொண்டு குளக்கட்டுக்குப் புறப்பட்டான். அவள் குறுக்கே நின்றாள்.

"எங்கை போறியள்?"

"பூட்டை உடைக்க."

"உடைச்சால்? நாளைக்கு இதை விடப் பெரிய பூட்டோடை வருவாங்கள். உங்களையும் ஏத்திக்கொண்டு போவாங்கள். பிறகு நான் வயலைப் பாக்கிறதோ, உங்களுக்குச் சோறு கட்டிக்கொண்டு மறியல் வீட்டுக்குத் திரியிறதோ?"

"அப்ப அன்னபாக்கியம் மாமிக்கு என்ன சொல்லப் போறாய்? மனுசி ஒவ்வொரு நாளும் படலையடியில வந்து நிண்டு உன்ரை வாயைப் பாத்திட்டுப் போகுது."

அதுதான் அவளைச் சுட்டது. அன்னபாக்கியம் ஏசினால்கூடத் தாங்கலாம். வந்து பார்ப்பார். வாய் சிவப்பாக இருக்கும். போய்விடுவார்.

ஊரின் வட்டவிதானை ஏரம்பு. துருசைத் திறந்து பூட்டி, ஆளுக்காள் தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுக்கிற வேலை அவருடையது. அவரைக் கமக்காரர்கள்தான் தெரிவு செய்தார்கள். அவருக்கு முன்னால் இருந்தவரை அதே கமக்காரர்கள்தான் இறக்கினார்கள்.

"விதானையார், உங்களுக்கு முன்னம் இருந்தவரை எப்பிடி இறக்கினவை?" என்று தயாளினி கேட்டாள்.

"அவனோடை கதைக்கேல்லை. அவனோடை கதைச்சு என்ன வரப்போகுது? அவனைத் தெரிவு செய்த ஆக்களிட்டைத் தட்டம் கொண்டு போனவை. எல்லாரும் வெத்திலை எடுத்தாப் பிறகு அவன் தானாய் இறங்கினவன்." ஏரம்பு தொடர்ந்து சொன்னார்: "என்னையும் அப்பிடித்தான் இறக்குவியள். அதாலைதான் பிள்ளை, நான் ஒழுங்காய்த் தண்ணி விடுறன்."

தயாளினி அன்றைக்கே தொகுதி எம்.பி. கஜேந்தினியைத் தேடிப் போனாள். கஜேந்தினி இளம் பெண், முதல் தடவை பாராளுமன்றம் போனவர். கேள்வி கேட்டால் பதில் சொல்லிவிடுகிற பழக்கம் இன்னும் அவரைவிட்டுப் போயிருக்கவில்லை.

"அக்கா, அந்தாளை அமைச்சராலையும் அசைக்கேலாது. குற்றப்பிரேரணை ஒண்டுதான் வழி. உறுப்பினர்களில அரைவாசிப் பேருக்கு மேலை கையெழுத்து வைச்சுக் கொண்டு வந்து, விசாரிச்சு, வாக்கெடுத்து இறக்க வேணும். நான் வைப்பன். மற்றவை வைக்க மாட்டினம்."

"ஏன் வைக்க மாட்டினம்?"

"ஒருதரும் கேக்கேல்லை அக்கா. எல்லாரும் அந்தாளுக்கு எழுதினம், அந்தாளைத் திட்டினம். இறக்கக் கூடிய ஆக்களிட்டைப் போய் இறக்குங்கோ எண்டு கேக்கிறதுக்கு ஆள் இல்லை."

"அப்ப நாங்கள் கேக்கிறம்" என்றாள் தயாளினி.

கொழும்புக்குப் போவதென்றால் சிங்களம் வேண்டும். ஹலீம் நானா வந்தார். முல்லைத்தீவில் துணிக்கடை வைத்திருப்பவர். இடம்பெயர்ந்து புத்தளத்தில் கிடந்த வருசங்களில் மூன்று மொழியிலும் பேரம் பேசப் பழகியவர். ஆலங்கொம்புக்குளத்தில் அவருக்கும் குத்தகைக்கு எடுத்த வயல் இருந்தது.

"கதைக்கிறது நீங்கள், தங்கச்சி. மாத்திச் சொல்லுறது நான். ஆனா ஒண்டு, சுருக்கமாச் சொல்லுங்கோ. எம்.பி.மாருக்கு மற்றவை கதைச்சுக் கேட்டுப் பழக்கமில்லை."

ஒரு சாக்கு வெற்றிலை, ஒரு பெட்டி பாக்கு, ஒரு டப்பா சுண்ணாம்பு. ரயிலில் அவர்களுக்கு இருக்க இடம் கிடைக்கவில்லை, வெற்றிலைக்குக் கிடைத்தது. கொழும்பில் கஜேந்தினி ஒவ்வொரு உறுப்பினராகக் காட்ட, தயாளினி தட்டத்தை நீட்டினாள்.

முதலில் தெற்குப் பக்கத்து மூத்த உறுப்பினர் ஒருவர். யானை மாதிரி ஆள். தயாளினி அவரை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்:

"ஐயா, உங்களுக்கு எங்கடை வோட்டு இல்லை. ஆனா நீங்கள் இருக்கிற சபை எங்களுக்கும் சபைதான். நீர்ப்பெருங்காவலர் பிழை விட்டால் அவரைக் கேள்வி கேக்கிற அதிகாரத்தைச் சனம் உங்களிட்டைத் தந்து வைச்சிருக்கு. அது உங்கடை சொத்தில்லை, எங்கடை. அதை எடுத்துப் பாவியுங்கோ எண்டு கேக்க வந்தனாங்கள். பயிர் பாத்துக்கொண்டு நிக்காது. சம்மதமெண்டால் வெத்திலை எடுங்கோ."

ஹலீம் சிங்களத்தில் ஒரு வசனம் சொன்னார். மூத்த உறுப்பினர் முகம் மலர்ந்து, பத்து நிமிடம் நெஞ்சில் கை வைத்துப் பேசினார்.

"என்னவாம் நானா?"

"ஓமாம்."

"அவ்வளவு நேரம் கதைச்சது?"

"ஓம் எண்டதைத்தான் அவ்வளவு நேரம் சொன்னவர்."

அவர் இரண்டு கையாலும் வெற்றிலையை வாங்கி மென்றார். அடுத்தவரும் வாங்கினார். அதற்கடுத்தவரும் வாங்கினார். அவர்களுடைய ஊர்களில் பெரியவர்களுக்கு மரியாதை செய்கிறவர்கள் வெற்றிலை கொடுப்பது வழக்கம். வன்னியில் இருந்து இவ்வளவு தூரம் மரியாதை செய்ய வந்திருக்கிறார்களே என்று சிலருக்குக் கண் கலங்கியது. ஆலங்கொம்புக்குளத்து வெற்றிலைக்கு வேறு கணக்கு இருக்கிறது என்று தயாளினி ஒருவருக்கும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்தல்ல. வெற்றிலையை எடுத்தால் என்ன கருத்து என்று தெரியாத மனிதர் உலகத்தில் இருப்பார் என்று அந்த ஊரில் பிறந்த ஒருவருக்கும் தோன்றாது.

ஊர் திரும்பிக் கொஞ்ச நாளில் கஜேந்தினியிடமிருந்து தொலைபேசி வந்தது.

"அக்கா, என்ன குடுத்தனீங்கள்?"

"வெத்திலை."

"போகுதில்லை அக்கா! சபையில அரைவாசிப் பேர் வாயைத் திறக்கினமில்லை. ஒருத்தர் புளி போட்டுத் தேய்ச்சவர், ஒருத்தர் சாம்பல் போட்டவர், ஒருத்தர் பல்லு டொக்டரிட்டைப் போய், டொக்டரின்ரை கையும் சிவந்து போச்சாம்!"

"போகாது தானே. வாக்குக் குடுத்தால் செய்து முடிக்கும் மட்டும் போகாது."

"அது அவைக்குத் தெரியாதே!"

தயாளினி திகைத்துப் போனாள். "தெரியாமலோ எடுத்தவை?"

செய்தி கசிந்துவிட்டது. ஹலீம் நானா கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவரிடம் மட்டும் சொன்னதாகச் சத்தியம் செய்கிறார். அந்த வாடிக்கையாளர் பஸ் நடத்துனர். அந்தக் கிழமைக்குள் வடக்கே பருத்தித்துறையில் இருந்து தெற்கே தேவேந்திரமுனை வரைக்கும் சிவந்த வாய்க்கு என்ன கருத்து என்று தெரியாத சந்தையே இல்லை. எம்.பி.மார் கோயிலுக்கும் விகாரைக்கும் பள்ளிவாசலுக்கும் மாதா கோயிலுக்கும் போகிற இடமெல்லாம் சனம் முதலில் வாயைப் பார்த்தது. "என்ன ஐயா, வாக்குக் குடுத்திட்டு இன்னும் செய்யேல்லையோ?" என்று மீன் விற்கிற பெண்கள் கேட்டார்கள். ஒருவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு திறப்புவிழா ஒன்றில் பேசினார். பேசியது ஒருவருக்கும் விளங்கவில்லை. முந்தியும் விளங்கியதில்லை என்றாலும் இந்தமுறை சனம் காரணம் கேட்டது.

பொறுக்க மாட்டாமல் முதலில் கையெழுத்து வைத்தவர் அந்த யானை மாதிரி மூத்த உறுப்பினர்தான். பேனையை எடுக்கும்போது வாய் செம்பருத்தி. பெயரின் முதல் எழுத்தில் இடப்பக்கம் வெளுத்தது, கடைசி எழுத்தில் வலப்பக்கம் வெளுத்தது, கீழே கோடு இழுத்தபோது கடைவாய்ப் பல்லில் இருபது வருசமாக இருந்த சுருட்டுக் கறையும் போய்விட்டது. அவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். பின்னால் வரிசை உருவானது.

விசித்திரம் என்னவென்றால், வெற்றிலை எடுக்காதவர்களுக்குத்தான் இதைவிட வில்லங்கம். வாய் வெள்ளையாக இருந்தவர்களைச் சனம் மேலும் கீழும் பார்த்து, "உங்களிட்டை ஒருதரும் ஒண்டும் கேக்கேல்லையோ ஐயா? கேட்டும் பிரயோசனமில்லை எண்டு விட்டிட்டினமோ?" என்று இரங்கத் தொடங்கியது. நீர்ப்பெருங்காவலரின் சொந்த மச்சான் ஒருவரும் உறுப்பினர். அவர் இந்த அவமானம் தாங்காமல் ஆலங்கொம்புக்குளத்துக்கு ஆள் அனுப்பி ஒரு வெற்றிலை கேட்டு வாங்கினார்.

"கையெழுத்தையும் வைக்கச் சொல்லுங்கோ, சும்மா மெல்லுறதுக்கு இஞ்சை வெத்திலை இல்லை" என்று தயாளினி சொல்லிவிட்டாள்.

பிரேரணை வந்தது. நீர்ப்பெருங்காவலருக்குத் தன் பக்கத்தைச் சொல்லச் சந்தர்ப்பம் கொடுத்தார்கள், அதுதான் முறை. அவர் நீரின் அருமை பற்றி உதயத்தில் தொடங்கி மதியம் தாண்டிப் பேசினார். தொண்டை வரண்டது. தண்ணீர் கேட்டார். சபைப் பணியாளர் பணிவாகக் குனிந்து, "ஐயாவின்ரை அனுமதி வரும்வரைக்கும் ஜாடி பூட்டியிருக்கு ஐயா" என்றார். காவலர் பையிலிருந்து அனுமதிப் பத்திரம் எடுத்து எழுதத் தொடங்கினார். பாதியில் நிறுத்தி, எழுதியதைத் தானே ஒருமுறை வாசித்தார். பத்திரத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். எங்கே எந்தக் குளத்தைப் பூட்டினீர், ஏன் பூட்டினீர், எப்போது போய்ப் பார்த்தீர் என்று கஜேந்தினி கேட்ட கேள்விகளுக்கு மட்டும் தலையைக் குனிந்துகொண்டு பதில் சொன்னார். பெரிய கதிரையில் இருந்த ஒருவர் சனம் கேட்க வேண்டிய கேள்விக்குச் சனம் அறியப் பதில் சொன்னதை அன்றுதான் அன்னபாக்கியத்தின் வானொலி முதன்முதலாக ஒலிபரப்பியது. தயாளினி படலையடியில் அவரோடு நின்று கேட்டாள்.

வாக்கெடுப்பு வைகாசிப் பௌர்ணமியன்று. நீர்ப்பெருங்காவலர் இறங்கினார்.

"இறக்கியாச்சு அக்கா!" என்று கஜேந்தினி தொலைபேசியில் கத்தினார்.

"இறக்கினால் போதாது பிள்ளை. அவரை இஞ்சை அனுப்புங்கோ. இறங்கிற விதானை தன்ரை கையாலை துருசைத் திறந்து, தண்ணியோடை கடைசி வயல் மட்டும் நடக்க வேணும். அதுதான் முறை."

"இறங்கின ஆளை ஏன் அக்கா திரும்பவும் அலைக்கழிக்கிறியள்?"

"தண்டனை இல்லை. இவ்வளவு நாளும் என்னத்தைப் பூட்டி வைச்சவர் எண்டு அந்த மனுசனும் ஒருக்காப் பாக்க வேணுமெல்லே."

வந்தார். காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு, நாட்டிலுள்ள குளப்பூட்டுகளின் திறப்புகள் எல்லாவற்றையும் ஒரு வண்டிலில் ஏற்றிக்கொண்டு வந்தார். எது எந்தக் குளத்துத் திறப்பு என்று அவருக்குத் தெரியவில்லை. ஏரம்பு பக்கத்தில் குந்தியிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

"இது இல்லை. இதுவும் இல்லை. அவசரப்படாதேங்கோ ஐயா, நானும் ஒரு நாளைக்கு இறங்கப் போற ஆள்தான்."

பூட்டு விழுந்தது. துருசு திறந்தது. தண்ணீர் வாய்க்காலில் தலையை நீட்டி, வெடிப்புகளை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு மெதுவாக நகர்ந்தது. முன்னாள் காவலர் அதன் பக்கத்தில் நடந்தார். சேற்றில் ஒரு சப்பாத்தை விட்டார், கொஞ்சத் தூரத்தில் மற்றதையும் விட்டார். தயாளினியும் யோகநாதனும் ஹலீமும் ஊர்ச்சனமும் பின்னால் நடந்தார்கள். யோகநாதன் அலவாங்கை வீட்டில் விட்டுவிட்டு மண்வெட்டியோடு வந்திருந்தான்.

"இது இவ்வளவு மெல்லவோ போகும்?" என்று முன்னாள் காவலர் தயாளினியிடம் கேட்டார்.

"ஓம் ஐயா. அதாலைதான் நேரத்துக்குத் திறக்க வேணும்."

கடைசி வரம்பில் அன்னபாக்கியம் நின்றார். பயிர் மஞ்சள் அடித்திருந்தது, ஆனால் குருத்துப் பச்சை. தண்ணீர் வரம்பு வெட்டால் உள்ளே நுழைந்து முதல் வரிசைப் பயிரின் காலைத் தொட்டபோது, அவர் குனிந்து ஒரு கை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, வழக்கம்போலத் தயாளினியின் வாயைப் பார்த்தார்.

"சிரி பிள்ளை, பாப்பம்."

தயாளினி சிரித்தாள்.

"சரி, வீட்டை போங்கோ எல்லாரும். பயிரை மிதிக்காதேங்கோ" என்றார் அன்னபாக்கியம். முன்னாள் காவலரைப் பார்த்து, "நீர் நில்லும். மண்வெட்டி பிடிக்கத் தெரியுமோ? தெரியாட்டில் பழகும், வாற மாரிக்குக் கால போகத்துக்கு ஆள் தேவை" என்றார். யோகநாதன் தன் மண்வெட்டியை அவரிடம் நீட்டினான். அவர் அதைத் தலைகீழாகத்தான் பிடித்தார், ஆனாலும் பிடித்தார்.

ஒவ்வொரு பௌர்ணமியும், வைகாசிப் பௌர்ணமியும் சேர்த்துத்தான், நாட்டில் போயா விடுமுறை, போயா நாளில் பாராளுமன்றம் கூடுவதில்லை.